அவுட்போட் இஞ்சின், பைபர் படகுப் பட்டறைக்கு கருவி – சாமான் கணக்கு: எந்த மென்பொருள், எங்கிருந்து தொடங்குவது?

திருமலை_அவுட்போட்

எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலை உட்துறைமுக வீதிப் பக்கம் உள்ள பட்டறைக்காகக் கேட்கிறேன். ஆறு பேர் வேலை செய்யும் இடம். 15, 25, 40 குதிரைவலு அவுட்போட் இஞ்சின்கள் (படகின் பின்பக்கம் மாட்டுவது), பைபர் படகு ஒட்டு வேலை, கொஞ்சம் வெல்டிங். கணக்கு முழுக்கக் கொப்பியில்தான்.

ஃபிளைவீல் புல்லர், டோர்க் சாவி, கம்ப்ரஷன் மானி மாதிரிப் பொதுக் கருவிகள் யார் கையில் என்று தெரிவதில்லை. இம்பெல்லர் (இஞ்சினின் தண்ணிப் பம்புச் சக்கரம்) கையிருப்பில் முடிந்த விசயம் இஞ்சினைக் கழற்றின பிறகுதான் தெரியவருது. கொழும்பிலிருந்து வரும்வரை இஞ்சின் ஸ்டாண்டில் தொங்கும், படகுக்காரருக்குத் தொழில் போகும். றெசின் (பைபர் ஒட்டும் பிசின்) பீப்பாவில் எவ்வளவு கிடக்கு என்று ஒருவராலும் சரியாகச் சொல்ல முடியாது.

காசு கட்டாத மென்பொருள் வேணும். இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பட்டறைக்குள் ஓட வேணும். சாமான் பெயரைத் தமிழில் தேட முடிய வேணும். பழைய லப்டொப் ஒன்றும் ஆண்ட்ரொய்ட் போன்களும் கைவசம் உண்டு.

---

கிண்ணியா_களஞ்சியம்

தம்பி, மென்பொருளைப் பிறகு பார்ப்பம். முதலில் பட்டறையில் உள்ளதை மூன்றாகப் பிரியுங்கோ. மூன்றுக்கும் கணக்கு வைக்கிற விதம் வேறு.

போய்த் திரும்பி வருகிற சாமான்: புல்லர், டோர்க் சாவி, கிரைண்டர், பெட்ரோல் ஜெனரேட்டர். இதற்கு எண்ணிக்கை முக்கியமில்லை. யார் கையில், எப்போது எடுத்தது, அடுத்த பரிசோதனை எப்போது என்பதுதான் வேணும்.

போனால் திரும்பாத சாமான்: இம்பெல்லர், பிளக், ஷியர் பின், கியர் ஒயில், வெட்டும் தட்டு. இதற்கு எண்ணிக்கையும் குறைந்தபட்ச அளவும்.

வயது போகிற சாமான்: றெசின், ஹார்டனர் (றெசினை இறுக வைப்பது), ஜெல்கோட் (மேல்பூச்சு), ஒட்டும் பசைகள். இதற்கு எடையோடு காலாவதித் திகதியும் வேணும். கிரைண்டரில் போடும் வெட்டும் தட்டுக்கும் காலாவதி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. நடு ஓட்டையைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் அடித்திருக்கும். தட்டைப் பிடித்து வைத்திருக்கிற பிசின் ஈரத்தில் பலமிழக்கும், அதனால்தான் அந்தத் திகதி. கடல் பக்கத்துப் பட்டறையில் அதைக் கட்டாயம் பார்க்க வேணும்.

நான்காவதாக ஒன்று இருக்கு, அதைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். வாஷர், கொட்டர் பின், சாதாரண போல்ட், கடதாசி. இவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணச் சொன்னால் பெடியள் கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் கைவிட்டுவிடுவார்கள், முக்கியமான சாமான் உட்பட. இதற்கு இரட்டைப் பெட்டி முறைதான் சரி. ஒரே சாமானை இரண்டு பெட்டியில் வையுங்கோ. முன்பெட்டி முடிந்ததும் பின்பெட்டியை முன்னுக்கு இழுத்து, வெறும் பெட்டியில் உள்ள அட்டையை எடுத்து ‘வாங்க வேண்டியது’ ஆணியில் மாட்டினால் போதும். எண்ணவே தேவையில்லை.

போல்டில் ஒன்று மட்டும் கவனம். துருப்பிடியா உருக்கில் 304, 316 இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். தலையில் ஏ2 என்றிருந்தால் 304 வகை, ஏ4 என்றிருந்தால் 316 வகை. உப்புத் தண்ணியில் ஏ2 குழிவிழும். இரண்டு பெட்டிகளையும் வேறு வேறு தட்டில் வைத்து, பெயரிலேயே ‘போல்ட் ஏ4 – 8 × 40’ என்று எழுதுங்கோ. ‘ஸ்டெயின்லெஸ் போல்ட்’ என்று மட்டும் எழுதினால் கட்டாயம் கலந்துவிடும்.

---

நிலாவெளி_பைபர்

நானா சொன்ன மூன்றாவது வகைக்கு நான் எழுதுகிறேன். காசு அதிகம் ஒழுகுவது அங்கேதான்.

பீப்பாவில் மிச்சத்தைப் பார்க்க ஒரு சுத்தமான அளவுகோல் போதும். வழமையான இரும்புப் பீப்பாவின் உள்விட்டம் ஏறத்தாழ 57 செ.மீ. அப்படியென்றால் 1 செ.மீ. உயரத்துக்கு 2.55 லீற்றர். பொலியெஸ்டர் றெசின் லீற்றருக்கு 1.1 கிலோ அளவில் வரும், ஆக 1 செ.மீ.க்கு 2.8 கிலோ. 225 கிலோ பீப்பா புதிதாகத் திறக்கும்போது கோல் 80 செ.மீ. அளவு நனைய வேணும். ஒவ்வொரு சனிக்கிழமையும் செ.மீ. கணக்கை மட்டும் பதியுங்கோ, கிலோவாக மாற்றுவதை மென்பொருள் செய்யட்டும். அந்தக் கோலை றெசினுக்கு மட்டும் வையுங்கோ. ஹார்டனர் பட்ட கோல் பீப்பாவுக்குள் போகவே கூடாது. பித்தளை, செம்புக் கோலும் வேண்டாம்.

பிறகு விகிதத்தை வைத்துக் கணக்கைச் சோதிக்கலாம். கையால் ஒட்டும் வேலையில் மெட் (கண்ணாடி நார்ப் பாய்) 1 கிலோவுக்கு றெசின் 2 முதல் 2.5 கிலோ போகும். 450 கிராம் மெட் என்றால் சதுர மீற்றருக்கு ஒரு படைக்கு 1 கிலோ சொச்சம் றெசின். 6 சதுர மீற்றர், 3 படை: மெட் 8.1 கிலோ, றெசின் 20 கிலோ. ஹார்டனர் 1 முதல் 2 வீதம், அதாவது 200 – 400 கிராம். இந்த வேலைக்கு றெசின் 32 கிலோ போனதாகப் பதிவில் இருந்தால் மூன்றில் ஒன்று: மெட்டைப் பதியவில்லை, இரண்டு வேலையை ஒரு பெயரில் போட்டிருக்கு, அல்லது வாளியில் இறுகிப் போனதைக் கொட்டியிருக்கு. கடைசியானதுக்கு ‘கெட்டுப்போனது’ என்று தனிப் பதிவு வேணும். அந்த எண் ஏறினால் ஹார்டனர் அளவு பிழை, அல்லது ஒரு வாளிக்கு அதிகமாகக் கலக்கிறார்கள்.

காலாவதியை வந்த திகதியிலிருந்து எண்ண வேண்டாம். பீப்பாவில் உள்ள உற்பத்தித் திகதிதான் கணக்கு. றெசினுக்குச் சொல்லப்படுகிற மூன்று முதல் ஆறு மாத ஆயுள் 25 பாகைக்குக் கீழே, நிழலில் வைத்தால்தான். தகரக் கூரைக்குக் கீழே அது குறையும். அதனால் பழைய பீப்பா முதலில் போக வேணும், மென்பொருளும் அதையே முதலில் காட்ட வேணும்.

இன்னொன்று, இதைப் படித்துவிட்டுத் தாண்டிப் போக வேண்டாம். கோபால்ட்டும் (றெசின் இறுகுவதை வேகப்படுத்தச் சேர்ப்பது) ஹார்டனரும் நேருக்கு நேர் கலந்தால் வெடிக்கும். களஞ்சியத்தில் இரண்டுக்கும் வேறு வேறு அலுமாரி. மென்பொருளிலும் வேறு வேறு இடப்பெயர். ‘இரசாயனங்கள்’ என்று ஒரே இடத்தைப் போட்டால் புதிதாக வருகிற பெடியன் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்குவான்.

---

உப்புவெளி_கணினி

இனி மென்பொருள். அண்ணை கேட்ட நிபந்தனைக்கு மூன்று இருக்கு. மூன்றும் திறமூலம், சொந்த லப்டொப்பில் ஓடும், பட்டறை வைஃபை போதும்.

ஸ்னைப்-ஐடி: கருவிகளை ஆட்களுக்குக் கொடுத்து வாங்குவதற்கென்றே செய்தது. பரிசோதனைத் திகதி, பராமரிப்புப் பதிவு எல்லாம் உண்டு. பாவித்து முடியும் சாமானையும் பதியலாம், ஆனால் எண்ணிக்கை முழு எண்ணாகத்தான் வரும். 2.3 கிலோ றெசின் என்று போட முடியாது, கிராமில் போட வேணும். கொடுத்ததைத் திரும்பிச் சேர்க்கவும் வழியில்லை. காலாவதியுள்ள சாமானுக்குப் பொருத்தமில்லை.

குறோசி: வீட்டுச் சமையலறைக்குச் செய்தது. ஆனால் குறைந்தபட்ச இருப்பு, காலாவதி, அலகு மாற்றம், ‘கெட்டுப்போனது’ என்று கழிப்பது எல்லாம் இருக்கு. நிலாவெளி அண்ணை சொன்ன செ.மீ. – கிலோ மாற்றத்தை அலகு மாற்றமாகப் போடலாம். முழுத் தரவும் ஒரே எஸ்கியூலைட் (தரவுத்தளம்) கோப்பு. குறை: கருவியை ஆளுக்குக் கொடுக்கும் வசதி இல்லை.

இன்வென்ட்றீ: நான் இதைத்தான் சொல்வேன். இடங்களை மரமாக அடுக்கலாம்: களஞ்சியம் – அலுமாரி 2 – தட்டு 3. தசம எண்ணிக்கை, தொகுதி எண் (பேட்ச்), குறைந்தபட்ச இருப்பு உண்டு. காலாவதி வசதி முதலில் அணைந்திருக்கும், அமைப்புப் பக்கத்தில் போய்ப் போட வேணும். கருவிக்கு ஒரு வழி: ‘ஆட்கள்’ என்று ஒரு இடம் உருவாக்கி, அதற்குள் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு இடம். புல்லரை எடுத்தவருடைய இடத்துக்கு மாற்றினால் புல்லர் அவர் கையில். பக்கத்துப் பட்டறைக்கு இரவல் கொடுத்தால் ‘வெளியே’ என்ற இடம். ஒரே மென்பொருளில் இரண்டு வேலையும் முடியும்.

நிறுவுவது டொக்கர் (மென்பொருளைத் தேவையான எல்லாவற்றோடும் ஒரு ‘கொள்கலனாக’ ஓடவிடுவது) வழியாகத்தான் சுலபம். 4 ஜிபி றாம் இருந்தால் ஓடும், 8 இருந்தால் நிம்மதி. றவுட்டரில் லப்டொப்புக்கு நிலையான முகவரி ஒதுக்குங்கோ. ஒதுக்காவிட்டால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறிவிடும், போன்களில் ஒன்றும் திறக்காது. நிறுவும்போது கொடுக்கும் தள முகவரியும் அதே முகவரியாக இருக்க வேணும். இல்லையென்றால் கடவுச்சொல் சரியாக இருந்தாலும் உள்ளே விடாது.

---

திருமலை_அவுட்போட்

நன்றி தம்பி. குறோசியைப் போனில் திறந்து பார்த்தேன், பக்கம் வருது, கமராப் பொத்தானை அமத்தினால் கமரா வருதில்லை. அனுமதியும் கேட்கவில்லை. ஸ்கானர் வாங்கினால் சரிவருமா?

---

உப்புவெளி_கணினி

அது போனின் பிழை இல்லை. எச்டிடிபிஎஸ் இல்லாத பக்கத்துக்கு உலாவி கமராவைக் கொடுக்காது. பட்டறைக்குள் சும்மா எச்டிடிபி முகவரியில் திறந்தால் இப்படித்தான். ஒன்றில் சொந்தச் சான்றிதழ் உருவாக்கி ஒவ்வொரு போனிலும் ஏற்ற வேணும், அல்லது ஆப் பாவிக்க வேணும். இன்வென்ட்றீக்குச் சொந்த ஆப் உண்டு, அது கமராவை நேரே எடுக்கும்.

ஆனால் களஞ்சியக் கதவடியில் யூஎஸ்பி ஸ்கானர்தான் நல்லது. கிறீஸ் கையோடு போன் திரையைத் தொட ஒருவரும் விரும்ப மாட்டார்கள். க்யூஆரும் வாசிக்கிற 2டி வகையாக வாங்குங்கோ.

ஒரு பொறி இருக்கு. இந்த ஸ்கானர் கணினிக்கு விசைப்பலகை மாதிரித்தான் தெரியும். லப்டொப்பில் ரெங்கநாதன் அல்லது தமிழ்99 விசைப்பலகை போட்டிருக்கும்போது ஸ்கேன் பண்ணினால் ஆங்கில எழுத்தெல்லாம் தமிழ் எழுத்தாக விழும், சாமான் ‘இல்லை’ என்று வரும். சாமான் பெயரைத் தமிழில் தட்டிவிட்டு உடனே ஸ்கேன் பண்ணுகிற இடத்தில் இது நாளும் நடக்கும். அதனால் சாமானில் ஒட்டும் சிட்டையில் (லேபல்) எழுத்தே வேண்டாம், வெறும் இலக்கம் மட்டும்: 100417 மாதிரி. இலக்கம் எந்த விசைப்பலகையிலும் இலக்கமாகவே விழும். இன்வென்ட்றீயில் அந்த இலக்கச் சிட்டையை எந்தச் சாமானோடும் இணைக்கலாம்.

இலக்கம் மட்டும் என்றால் க்யூஆரும் சின்னதாகும். ஆகச் சிறிய 21க்கு 21 கட்டத்திலேயே, அதிகபட்சப் பிழைதிருத்த நிலையிலும் 17 இலக்கம் அடங்கும். 12 மி.மீ. சிட்டையே காணும். கொஞ்சம் கிறீஸ் அப்பினாலும் வாசிக்கும்.

---

சீனக்குடா_பிற்றர்

ஆறு பேர் உள்ள இடத்துக்கு டொக்கர், சேவர் எல்லாம் பெரிய சுமை. கூகுள் விரிதாள் ஒன்றே போதும், சரியாக வைத்தால்.

சரியாக வைப்பது என்றால், இருப்பு எண்ணை ஒருவரும் கையால் மாற்றக் கூடாது. ‘அசைவு’ என்று ஒரு தாள்: திகதி, சாமான் இலக்கம், வரவு அல்லது செலவு, எவ்வளவு, யார், எந்த வேலைக்கு. ஒரு அசைவுக்கு ஒரு வரி, அழிக்கிறதே இல்லை. பிழை விட்டால் எதிர் வரி ஒன்று போட வேணும். இருப்பு வேறு தாளில் சம்இஃப் வாய்ப்பாட்டால் தானாக வரும். எண் உதைத்தால் எந்த வரியில் உதைத்தது என்று பின்னுக்குப் போய்ப் பார்க்கலாம். ‘இருப்பு 14’ என்பதை அழித்து ‘12’ என்று எழுதுகிற தாளில் அது முடியாது, கொப்பியை விட மோசம்.

யமஹா உதிரிப்பாக இலக்கம் போடும் போது கவனம். முதல் பகுதி மொடல் குறி. பழைய 15 குதிரைவலுவுக்கு 6, ஆங்கில ஈ, 7 என்று வரும். அந்த மூன்றையும் தனி நிரலில் தட்டினால் விரிதாள் அதை 6 கோடி என்று விஞ்ஞானக் குறியீட்டில் மாற்றிவிடும். நிரல் முழுவதையும் முதலில் ‘வெறும் உரை’ என்று மாற்றிவிட்டுத்தான் தட்ட வேணும். தட்டின பிறகு மாற்றினால் போன எழுத்து திரும்பி வராது.

கடைசி இரண்டு இலக்கத்தையும் விட வேண்டாம். 00 என்று முடிந்த பாகத்தைத் திருத்தி வெளியிடும்போது 01 ஆகும். பெட்டியில் 01 வந்து தாளில் 00 இருந்தால் ஒரே சாமான் இரண்டு பெயரில் நிற்கும், ஒன்று சுழியம் என்று காட்டும், தேவையில்லாமல் திரும்ப ஓடர் போகும். ‘பழைய இலக்கம்’ என்று ஒரு நிரல் வையுங்கோ.

---

உப்புவெளி_கணினி

> கூகுள் விரிதாள் ஒன்றே போதும்

அசைவுத் தாள் விசயத்தில் அண்ணையோடு முழுக்க ஒத்துப்போகிறேன். இன்வென்ட்றீ உள்ளுக்குள் செய்வதும் அதுதான். ஆனால் காலாவதியும் தொகுதியும் விரிதாளில் சீக்கிரமே சிக்கலாகும். ஒரே றெசின் இரண்டு பீப்பா, இரண்டு திகதி, எதிலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு வரியிலும் எழுத வேணும். பைபர் வேலை இல்லாத பட்டறையென்றால் நானும் விரிதாளைத்தான் சொல்லியிருப்பேன்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தமிழ்ச் சிக்கல். ‘கொக்கி’யில் வரும் ‘கொ’வை இரண்டு விதமாகத் தட்டலாம். ஒன்று ஒற்றைக் குறியாக, மற்றது கொம்பு தனி, கால் தனி. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு சொல். ஒருவர் ஒரு விசைப்பலகையில் பதிந்த பெயரை இன்னொருவர் வேறு விசைப்பலகையில் தேடினால் கிடைக்காமல் போகலாம். ‘டோர்க்’, ‘போல்ட்’ எல்லாம் இதில் மாட்டும். தரவை ஏற்றுவதற்கு முன் பெயர் நிரல் முழுவதையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற வேணும், பைதனில் யூனிகோட்டேட்டா என்ற பொதியில் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் வடிவம்) என்று கொடுத்தால் ஒரு வரி வேலை.

பழைய பட்டியல் பாமினியில் அடித்ததென்றால் அப்படியே ஒட்ட வேண்டாம். அது எழுத்துரு மட்டும்தான், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. யூனிகோட் மாற்றியில் போட்டு எடுத்த பிறகு ஒருமுறை கண்ணால் பாருங்கோ. மொடல் இலக்கம் போன்ற உண்மையான ஆங்கிலத்தையும் அது தமிழாக்கிவிடும்.

சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் நேரே திறந்து தமிழ் குழம்பித் தெரிந்தால் சேமிக்காமல் மூடுங்கோ. ‘தரவு’ பக்கத்தால் யூடிஎஃப்-8 என்று சொல்லி இறக்குமதி செய்தால் சரியாக வரும்.

---

கிண்ணியா_களஞ்சியம்

சிட்டையை எதில் அடிப்பது என்று ஒருவரும் எழுதவில்லை. கடையில் பில் அடிக்கிற மாதிரியான வெப்பக் கடதாசிச் சிட்டை பட்டறைக்குச் சரிவராது. வெயில் சூட்டில் கறுக்கும், ஒயில் பட்டால் எழுத்து மறையும். தட்டு, பெட்டிகளுக்குப் பொலியெஸ்டர் சிட்டை, அதில் றெசின் றிபனால் (மை நாடா) அடித்தது. அல்லது மேலே பிளாஸ்டிக் படலம் உள்ள லேபல் நாடா. பைபர் பக்கம் அதுவும் நிற்காது, அசிட்டோன் துணியால் துடைக்கும்போது ஓரத்தால் இறங்கும்.

கருவிக்கு ஒட்டவே வேண்டாம். மின் செதுக்கியால் இலக்கத்தை உடம்பிலேயே வெட்டுங்கோ. அந்த இலக்கத்தின் க்யூஆரை கருவி தொங்குகிற பலகையில், அதன் ஆணிக்கு மேலே ஒட்டுங்கோ. பலகையில் கருவியின் உருவத்தையும் வரைந்துவிட்டால் இன்னும் நல்லது. வெறும் உருவம் தெரிந்தால் சாமான் வெளியே, திரையைப் பார்க்காமலே தெரியும். ஸ்பனர் செட்டை ஒரு சாமானாகவே பதியுங்கோ. டோர்க் சாவியைத் திரும்ப வைக்கும்போது ஆகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தி வைக்க வேணும் என்பதை அந்தப் பதிவின் குறிப்பிலேயே எழுதலாம். வருடத்துக்கு ஒருமுறை அளவுச் சோதனை என்று திகதியும் போடுங்கோ.

---

திருமலை_அவுட்போட்

நானா, குறைந்தபட்ச இருப்பு எவ்வளவு போடுவது? எல்லாத்துக்கும் 5 என்று போட்டால் சரியா?

---

கிண்ணியா_களஞ்சியம்

சரியில்லை தம்பி. ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்க வேணும். கிழமைக்கு எவ்வளவு போகுது, ஓடர் கொடுத்து வர எவ்வளவு நாள், கொஞ்சம் மேலதிகம். உதாரணத்துக்கு 40 குதிரைவலு இம்பெல்லர் கிழமைக்கு 4 போகுது என்று வையுங்கோ. கொழும்பு 260 கி.மீ. அளவில், லொறியில் போட்டால் மறுநாள் வரும். ஆனால் அங்கே கையிருப்பு இல்லாவிட்டால் 10 நாள். நல்ல நாளை வைத்துக் கணக்குப் பார்க்க வேண்டாம், கெட்ட நாளை வைத்துப் பாருங்கோ. 10 நாளில் 6 போகும், மேலதிகம் 2, ஆக 8. இருப்பு 8க்கு வந்ததும் ஓடர் போக வேணும்.

இந்த எண்ணை வருசம் முழுக்க ஒன்றாக வைக்கக் கூடாது. கச்சான் காலத்தில், மார்ச் – செப்டம்பரில், படகெல்லாம் கடலில். இம்பெல்லர், பிளக், ஷியர் பின், இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் ஓடும். வாடைக் காற்று தொடங்கினால் படகு கரையேறும், றெசினும் மெட்டும் ஓடும். பெப்ரவரியில் ஒருமுறை, செப்டம்பரில் ஒருமுறை குறைந்தபட்ச எண்களை மாற்றுங்கோ. றெசினை மட்டும் மழைக்கு முன்னமே குவித்து வைக்க வேண்டாம், வயது போகும்.

---

நிலாவெளி_பைபர்

நானா சொன்னதோடு இதையும் சேர்க்க வேணும். வாடையில் மெட் உருளை ஈரம் இழுக்கும். ஈர மெட்டில் றெசின் சரியாக ஊறாது, படை பிரியும். உருளையைப் பிளாஸ்டிக் உறையோடு நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கோ. திறந்த உருளையைத் தனித் தொகுதியாகப் பதிந்து, அது முடியும்வரை அடுத்ததைத் திறக்காமல் பாருங்கோ. குறை ஹைட்ரஜன் வெல்டிங் குச்சிப் பெட்டிக்கும் திறந்த திகதி பதிய வேணும்.

---

சீனக்குடா_பிற்றர்

அண்ணை சேவர் வழியே போவதென்றால் கரண்ட் விசயத்தையும் சொல்லிவிடுங்கோ. ராஸ்பெரி பை வாங்கச் சொல்லி யாரும் ஆலோசனை தரக்கூடும்.

---

உப்புவெளி_கணினி

லப்டொப்தான் நல்லது, அதன் பற்றரியே யூபிஎஸ். ராஸ்பெரி பை 4 வரை உள்ளவற்றில் பற்றரி மணிக்கூடு இல்லை. கரண்ட் வந்து இன்டர்நெட் வராத நேரத்தில் பழைய திகதியில் எழும்பும், அப்போது எடுத்த கருவியெல்லாம் பழைய திகதியில் பதியும். எஸ்டி அட்டையும் திடீர் அணைப்பில் கெடும். பை தான் வேணுமென்றால் எஸ்எஸ்டியும் மணிக்கூட்டுப் பலகையும் சேர்த்துப் போடுங்கோ.

நகல்: குறோசியின் எஸ்கியூலைட் கோப்பை ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா நகலெடுத்தால் பாதி எழுதின நிலையில் வரலாம். கொள்கலனை நிறுத்தி, நகலெடுத்து, திரும்ப ஓடவிடுங்கோ. இன்வென்ட்றீக்கு அதன் சொந்த ‘பேக்கப்’ கட்டளை உண்டு. ஒரு நகல் பென் டிரைவில், ஒன்று வெளியே. மாதத்துக்கு ஒருமுறை அந்த நகலை வேறு கணினியில் ஏற்றி, ஏதாவது ஒரு சாமானைத் தேடிப் பாருங்கோ.

சிட்டையில் தமிழ்ப் பெயரும் வேணுமென்றால் கொள்கலனுக்குள் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை ஏற்ற வேணும். இல்லாவிட்டால் பெயர் வர வேண்டிய இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக அடிக்கும்.

---

திருமலை_அவுட்போட்

எல்லாருக்கும் நன்றி. இன்வென்ட்றீ போடுகிறேன். முதலில் எத்தனை சாமானைப் பதிவது?

---

கிண்ணியா_களஞ்சியம்

இல்லையென்றால் வேலை நிற்கும் என்ற சாமான் மட்டும். பொதுக் கருவி இருபது, இஞ்சின் பாகம் முப்பது, பைபர் சாமான் எட்டோ பத்தோ. ஒவ்வொரு சனியும் அதில் பத்தைக் கையால் எண்ணித் திரையோடு ஒப்பிடுங்கோ. ஆறு கிழமையில் ஒரு சுற்று வரும். உதைக்கிற சாமானை மறுகிழமையும் எண்ணுங்கோ. அந்த அறுபதும் உதைக்காமல் நின்ற பிறகுதான் அடுத்த தட்டைச் சேர்க்க வேணும்.